டாக்டரம்மாவின் அக்கா வரும் வரை

இந்தப் பந்தலுக்குத் தூணாகவும், அந்தத் தூணைவிடச் சற்றே அகலமாகவும் நடுவில் வீற்றிருக்கும் விழாத் தலைவர் அவர்களே! தலைநகரத்திலிருந்து புறப்பட்டு, எங்கள் சாலையின் பள்ளங்களை ஒன்று விடாமல் தம் முதுகெலும்பால் படித்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கும் சுகாதார அதிகாரி ஐயா அவர்களே! கைக்கடிகாரத்தை ஒரு கண்ணாலும் கேடயத்தை மறுகண்ணாலும் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரம்மா அவர்களே! அவருக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி போர்த்தி, பூங்கொத்து வைத்து, ஆள் இல்லாமலே அழகாகத் தெரியும் அந்தக் காலி நாற்காலி அவர்களே!

சிரிக்காதீர்கள். நாற்காலிக்கும் மரியாதை உண்டு. அது யாருடையது என்று போகப் போகத் தெரியும்.

முன்வரிசையில் மூட்டுவலியை மடித்து வைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் தரையில் உட்கார்ந்துவிட்ட என் அருமைத் தாய்மார்களே! மரத்தடியில் நின்றபடி 'இவன் ஏன் மேடை ஏறினான்' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் நண்பர்களே! உங்கள் எல்லாருக்கும் மைக்செட்காரனின் வணக்கம், கொஞ்சம் எக்கோ வைத்தே!

நான் ஏன் மேடை ஏறினேன்? நியாயமான கேள்வி. நான் மேடைக்குப் பின்னால் இருப்பவன். எத்தனையோ விழாக்களில் வயரைப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ பேச்சாளர்களின் 'இறுதியாக' என்ற சொல்லை நம்பி ஏமாந்தவன். இன்று இங்கே முழங்க வேண்டியவர் நம் தமிழாசிரியர். அவருக்குத் தொண்டைப் புண். சிறந்த சுகாதார நிலையம் என்று கேடயம் வாங்கப்போகும் இந்த ஊரின் தமிழாசிரியர், தொண்டையைக் காட்ட எங்கே போயிருக்கிறார் தெரியுமா? காலைப் பேருந்தைப் பிடித்துத் தலைநகரத்துக்குப் போயிருக்கிறார்! ஐயா, குறித்துக்கொள்ளாதீர்கள், இது வெறும் முன்னுரை.

தலைவர் ஓடி வந்தார். "டேய், அக்கா வர்ற வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டிரு. உனக்கென்ன, எல்லார் பேச்சையும் கேட்டுக் கேட்டு ஊறினவன்தானே?" என்றார். "எந்த அக்கா, தலைவரே?" என்றேன். "டாக்டரம்மாவோட அக்காடா! அவங்க வந்தாத்தான் கேடயம் குடுப்பேன்னு அதிகாரி சொல்லிட்டாரு. ரெண்டு பேரையும் சேர்த்து வெச்சு போட்டோ எடுக்கணுமாம்" என்றார். "அவங்க எப்ப வருவாங்க?" என்றேன். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். அவர் முகம் அப்போது போன போக்கை நான் இந்த மேடையில் வர்ணிக்க விரும்பவில்லை.

மைக்கைக் கையில் வாங்கும் நேரத்தில் எனக்கு ஒரு போன் வந்தது. என் தங்கையைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அக்கரை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். நிறைமாதம். பிரஷர் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, டாக்டர் பார்த்தே ஆக வேண்டும் என்று அங்கே நர்ஸ் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை பேசினார். "மச்சான், இங்க டாக்டர் இல்ல. ஏதோ விழாவுக்குப் போயிருக்காங்களாம். உங்க மைக்செட் சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. அந்த விழாதானா?" என்றார்.

அந்த விழாதான், மாப்பிள்ளை. இதே விழாதான்.

ஆகவே, பெரியோர்களே, நேரம் கடத்தத்தான் என்னை ஏற்றினார்கள். நான் உண்மையைச் சொல்லி இறங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் மேடையில் எதையும் இரண்டு வரியில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அது எனக்குக் கற்றுத் தரப்படாத வித்தை. பொறுத்துக்கொள்ளுங்கள், வேகமாக வருகிறேன்.

போன மழைக்காலத்தில் நம் டீக்கடையில் ஒரு செய்தி பரவியது. டாக்டர் இல்லாத சுகாதார நிலையங்களை எல்லாம் இழுத்து மூடப்போகிறார்கள், அதைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார் என்று. நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்மிடம் என்ன இல்லை? கட்டடம் உண்டு. கட்டில் உண்டு. மருந்து உண்டு, மாத்திரை உண்டு, மாத்திரையை எண்ணிக் கொடுக்க நம் நர்ஸ் அக்கா உண்டு. மருத்துவர் உண்டா? மருத்துவர் உண்டா? வாரத்தில் ஒரு நாள், அக்கரை டாக்டரம்மா கூடுதல் பொறுப்பாக வந்து போவார். மற்ற நாட்களில் நம் ஊரில் யாருக்கும் நோய் வரக்கூடாது என்பது ஏற்பாடு. நோய்க்கு அந்த ஏற்பாட்டைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதிகாரி காலையில் அக்கரைக்கும் மதியத்துக்கு மேல் நமக்கும் வருவதாகத் தெரிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கலாம். 'ஐயா, டாக்டர் இல்லை, ஒருவரை அனுப்புங்கள்' என்று கேட்டிருக்கலாம். கேட்டோமா? "ஊர் மானம் போயிரும்யா. மூடிட்டாங்கன்னா என்ன பண்றது?" என்றார் தலைவர். நாமும் தலையாட்டினோம். அதோ, அந்தப் பக்கம் ஒருவர் 'இல்லை' என்று தலையாட்டுகிறார் பாருங்கள், அவர்தான் அன்று முதலில் ஆமாம் என்று ஆட்டியவர்!

அதிகாரி ஐயா அக்கரையில் ஆய்வை முடித்துச் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், தலைவர் தம் வண்டியில் போய் டாக்டரம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். "தலைவரே, என்னை ரெண்டு ஊருக்கும் ஒரே நாள்ல காட்டினா அவருக்குத் தெரியாதா?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். "கண்ணாடியைக் கழட்டிருங்கம்மா, ஆளே மாறிடும்" என்றிருக்கிறார் தலைவர். இந்த ஓர் உத்தியை நம்பி ஓர் ஊரே இறங்கியது.

கட்டில்களில் நோயாளிகள் வேண்டுமே? உண்மையான நோயாளிகள் எல்லாரும் பேருந்தில் வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் ஆரோக்கியசாலிகள். அவர்களைப் படுக்க வைத்தோம். நம் கறிக்கடை அண்ணனை வயிற்றுவலி என்று சொல்லிக் கடைசிக் கட்டிலில் கிடத்தினோம். கண்ணாடி இல்லாத டாக்டரம்மா அவர் அருகில் போனார். மேடாக ஒரு வயிறு மங்கலாகத் தெரிந்திருக்கிறது. அன்போடு கையை வைத்து, "எத்தனை மாசம்மா?" என்றார்!

கறிக்கடை அண்ணே, மறைந்துகொள்ள வேண்டாம், உங்களை நான் பாராட்டத்தான் போகிறேன். அந்த நேரத்திலும் மனிதர் அசரவில்லை. "நாலு மாசமா வலிக்குதுங்க டாக்டர்" என்றார். அதிகாரி ஐயாவுக்குச் சந்தேகமே வரவில்லை. அப்படி ஒரு நடிப்பு!

சந்தேகம் வேறு இடத்தில் வந்தது. ஐயா டாக்டரம்மாவை உற்றுப் பார்த்தார். "உங்களைக் காலையில அக்கரையில பார்த்தேனே?" என்றார். டாக்டரம்மா வாயைத் திறந்தார். அதற்குள் நம் தலைவர் முந்திக்கொண்டார். "அது இவங்க அக்காங்க, ஐயா!"

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், தட்டுங்கள். அந்த ஒரு நொடியில், பெற்றவர்களுக்கே தெரியாமல், நம் டாக்டரம்மாவுக்கு ஓர் அக்கா பிறந்தார். பிறக்கும்போதே மருத்துவப் படிப்பு முடித்துப் பிறந்தார். பிறந்த அன்றே அக்கரையில் வேலையிலும் சேர்ந்துவிட்டார்.

அதோ, தலைவர் என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டுகிறார். பயப்படாதீர்கள், அது எங்கள் தொழில் சைகை. 'மைக்கை நிறுத்து' என்று பொருள். தலைவரே, இத்தனை வருடம் நீங்கள் கையைக் காட்டியபோதெல்லாம் யார் நிறுத்தியது? நான். இப்போது யார் பேசுவது? நான். ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? ஒருவரும் இல்லை. உட்காருங்கள்.

அதிகாரி ஐயா எழுந்துவிட்டார். ஐயா, கோபப்படுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் உட்கார்ந்து கோபப்படுங்கள். ஏனென்றால் அடுத்தது உங்கள் பங்கு. நீங்கள் போய் அறிக்கை எழுதினீர்கள். 'அக்காவும் தங்கையும் அடுத்தடுத்த ஊர்களில் தொண்டாற்றுகிறார்கள். இங்கே நோயாளிகள் மிக விரைவில் குணமடைகிறார்கள். இந்த வட்டாரத்தில் மருத்துவர் பற்றாக்குறை இல்லை.' அதன் பலனாக எங்களுக்கு ஒரு கேடயம் வந்தது. எங்கள் ஊரில் காலியாக இருந்த டாக்டர் பணியிடம், 'நிரம்பிவிட்டது' என்று முடித்து வைக்கப்பட்டது. ஐயா, நிரப்பியது யார்? இந்த நாற்காலிதான். எங்கள் நிரந்தர மருத்துவர். லீவு கேட்டதில்லை. இடமாற்றம் கேட்டதில்லை. நாடி பிடித்துப் பார்த்ததும் இல்லை.

டாக்டர்களே இல்லையா நாட்டில்? இருக்கிறார்கள்! ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்க்கத் தலைநகரம் போனபோது ஒரு தெருவில் நடந்தேன். கண்ணுக்கு ஒரு டாக்டர். அந்தக் கண்ணின் பின்பக்கத்துக்கு ஒரு டாக்டர். முழங்காலுக்கு ஒருவர், முழங்கைக்கு ஒருவர், தூங்கினால் குறட்டை விடுவோருக்கு ஒருவர், தூக்கமே வராதோருக்கு எதிர்க்கட்டடத்தில் ஒருவர்! ஒரு டீ குடிக்கலாம் என்று தேடினேன். தெருமுனை வரை டாக்டர்கள்தான் கிடைத்தார்கள், டீக்கடை கிடைக்கவில்லை. அங்கே ஓர் உடம்புக்குள் எத்தனை உறுப்போ அத்தனை டாக்டர். இங்கே எத்தனை ஊர் இருந்தாலும் ஒரே டாக்டர். தலைநகரத்தில் பிறந்தால் சிறுநீரகத்துக்குத் தனி மரியாதை, இங்கே பிறந்தால் முழு மனிதனுக்கும் வாரத்தில் ஒரு நாளா? இது என்ன பங்கீடு? இது யார் போட்ட பங்கு?

"சபாஷ்" என்று ஒரு தம்பி கத்துகிறார். தம்பி, அவசரப்பட்டுவிட்டீர்கள், அடுத்த அடி நமக்குத்தான்.

இந்த ஊருக்கு முன்பு ஓர் இளம் டாக்டர் வந்தார், ஞாபகம் இருக்கிறதா? நல்ல பிள்ளை. டாக்டர் குடியிருப்பில் தங்கினார். கூரை ஒழுகியது. ஒரு நோயாளியைப் பற்றிச் சந்தேகம் வந்தால் கலந்து பேச இன்னொரு டாக்டர் இல்லை. ஓய்வு நாளில் கதவைச் சாத்தினால் நாம் ஜன்னலைத் தட்டினோம். குளிக்கும்போது வெளியில் நின்று, "டாக்டர் தம்பி, இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டோம். நம் காய்ச்சலை எல்லாம் அவரிடம் சொன்னோம். கல்யாணம் எப்போது என்று விசாரித்தோம். 'உங்க வீடு ஒழுகுதே தம்பி, ராத்திரி எங்க படுக்கிறீங்க?' என்று ஒருவராவது கேட்டோமா? அவர் போனபோது 'பட்டணத்து மோகம்' என்று பேசினோம். மோகமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் நனைந்துகொண்டிருந்தார். இப்போது அந்தக் குடியிருப்பில் யார் இருக்கிறார்கள்? நம் தலைவரின் சிமெண்ட் மூட்டைகள் இருக்கின்றன. அவை நனையக்கூடாது என்று கூரைக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறார்!

இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வரவில்லை என்று தெரிகிறது.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வருகிறார். சொல்லுங்கம்மா, உங்கள் முன்னால் இருக்கும் மைக் வேலை செய்கிறது. "எனக்கு அக்காவே கிடையாதுங்க. வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மூடிட்டா நீங்க எங்க போவீங்கன்னு பயந்து சும்மா இருந்துட்டேன். இந்தப் பக்கம் உட்கார்ந்தா அந்தப் பக்கத்து நினைப்பு, அந்தப் பக்கம் உட்கார்ந்தா இந்தப் பக்கத்து நினைப்பு. எனக்கு ஒரு அக்கா இருந்தா உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கும்."

கேட்டீர்களா? அவருக்கு வேண்டியது கேடயமா? கூட நிற்க இன்னொருவர்!

டாக்டரம்மா, உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கம்மா, எடுங்கள். கூட்டத்தில் கொஞ்சம் அமைதி.

எல்லாருக்கும் கேட்டிருக்கும், அந்த மைக்கை நான் அணைக்கவில்லை. அக்கரை நர்ஸின் குரல். "மேடம், காலையில இருந்து பெஞ்சில உட்கார்ந்திருந்த பொண்ணு, நிறைமாசம், தலையைப் பிளக்குதுங்குது, கண்ணு மங்குதுங்குது, பிரஷர் ஏறிக்கிட்டே போகுது. சீக்கிரம் வாங்க மேடம்."

வழி விடுங்கள்! தாய்மார்களே, அந்த நடுப் பாதையை விடுங்கள். நாற்காலிகளை நகர்த்துங்கள். அந்தப் பெண் யார் என்று நான் டாக்டரம்மாவைக் கேட்கவில்லை. கேட்டால் அவர் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். நிற்க வேண்டாம், நடக்கட்டும். தலைவரே, உங்கள் வண்டி எங்கே? பின்னால் மாட்டிக்கொண்டதா? யாருடைய வண்டி வாசலில் இருக்கிறது?

அதிகாரி ஐயா சாவியோடு டிரைவரை நோக்கி ஓடுகிறார். ஐயா, வயதுக்கு மீறிய வேகம், பார்த்து! "என் வண்டில போங்கம்மா, சைரனைப் போடச் சொல்லுங்க" என்கிறார். ஐயா, உங்களைச் சற்று முன் கேலி பேசிய வாய் இது. இதே வாயால் கும்பிடுகிறேன்.

நானும் ஏறப்போனேன், பார்த்தீர்கள். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டே சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. "நீங்க வந்து அங்க என்ன பண்ணப்போறீங்க? அதுக்கு நான் போறேன். ஆரம்பிச்சதை இங்க முடிங்க" என்றார். சரி. முடிக்கிறேன். என் குரல் கொஞ்சம் நடுங்கினால் வயர் கோளாறு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, இப்போது உங்கள் வண்டி அக்கரையில். அடுத்த பேருந்து சாயங்காலம். அதுவரை நீங்களும் எங்களில் ஒருவர். இந்த நிமிடம் உங்களுக்கு நெஞ்சைப் பிடித்தால் நர்ஸ் அக்கா தண்ணீர் கொடுப்பார், கறிக்கடை அண்ணன் விசிறுவார், நான் மைக்கில் ஆறுதல் சொல்வேன். வேறு எதுவும் நடக்காது. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, ஐயா. நாங்கள் தினமும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்கிறேன்.

மேடையில் இப்போது இரண்டு நாற்காலிகள் காலி. ஒன்று பிறக்காத அக்காவுடையது. மற்றது அக்கரைக்கு ஓடிய டாக்டர் தங்கையுடையது. இரண்டையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள், போட்டோக்காரரே! அந்தப் படத்தை அறிக்கையில் ஒட்டுங்கள், ஐயா. கட்டடம் இருக்கிறது என்று எழுதுங்கள். கட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். பொய் சொன்னார்கள் என்றும் எழுதுங்கள், அதற்குத் திட்டு வாங்க ஊரே வரிசையில் நிற்கிறோம். ஆனால் டாக்டர் இல்லை என்று எழுதுங்கள்! அக்கரைக்கு ஒருவர், இக்கரைக்கு ஒருவர் வேண்டும் என்று எழுதுங்கள்! இங்கே வாழ்பவர்களும் உடம்போடுதான் வாழ்கிறார்கள் என்று எழுதுங்கள்!

ஐயா மைக்கைக் கேட்கிறார். இந்தாருங்கள். "அன்னிக்குக் கட்டில்ல படுத்திருந்தவங்க எல்லாரும் என்னைவிட நல்லா இருந்தாங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். இல்லைன்னு எழுதினா மேல கேள்வி கேப்பாங்க, இருக்குன்னு எழுதினா கேடயம் குடுப்பாங்க. நானும் சுலபமானதை எழுதிட்டேன். மாத்தி எழுதறேன். கேடயத்தை நானே எடுத்துட்டுப் போறேன்."

எடுத்துக்கொண்டு போங்கள், ஐயா. பேருந்தில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இடம் கிடைக்கும்.

ஊராரே, நமக்கும் வேலை இருக்கிறது. தலைவரே, நாளைக்கு உங்கள் சிமெண்ட் மூட்டைகளைத் தூக்க நானே வருகிறேன். அந்தத் தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு அதே சிமெண்டால் கூரையைப் பூசுவோம். வருகிற டாக்டருக்கு ஓய்வு நாள் என்றால் ஓய்வு நாள்தான். ஜன்னலைத் தட்டும் கையை நானே பிடித்து மைக்கில் பேர் சொல்லி அறிவிப்பேன். தலைவர் சரி என்று தலையாட்டுகிறார். அன்று நம்மைத் தலையாட்ட வைத்த அதே தலைவர். இந்த முறை எல்லாரும் சாட்சி.

பொறுங்கள். என் போன். மாப்பிள்ளை.

சொல்லுங்க மாப்பிள்ளை. உரக்கச் சொல்லுங்க, ஊரே கேக்குது. "மச்சான், அவளைத்தான் உள்ள கூட்டிட்டுப் போனாங்க. ரொம்ப பயந்துட்டோம். டாக்டரம்மா இப்பத்தான் ஓடி வந்து உள்ள போயிருக்காங்க. நேரத்துக்கு வந்துட்டேன், பார்த்துக்கறேன், நீ அழாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க மச்சான்."

பெரியோர்களே, தாய்மார்களே, எனக்கு அழுகை வருகிறது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. தலைவர் அவர்களே, அக்கா வரும் வரை பேசச் சொன்னீர்கள். அக்கரையில் இருக்க வேண்டிய அக்கா, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி நான் பேச ஒன்றும் இல்லை. வழிவிட்ட கால்களுக்கு நன்றி, வண்டி தந்த கைக்கு நன்றி, திட்டுவதைத் தள்ளிவைத்து என்னைப் பேசவிட்ட உங்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் பாலம் தாண்டி ஓட வேண்டும். மைக்கை யாராவது அணைத்துவிடுங்கள்.